பன்னரம்பழற்சியும் மனப்பிறழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

உடம்பின் நோய் வேறு, உள்ளத்தின் நோய் வேறு எனப் பிரித்து நோக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. வைத்தியசாலைகளும் அதற்கேற்பப் பிரிந்தே இயங்கின. கால் மரத்து நடக்கமாட்டாதவன் பொது வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டான். நேற்று நடந்ததை இன்று அறியாதவன் மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டான். இவ்விரு துன்பங்களும் ஒருவரிடத்தே ஒருங்கு தோன்றினால் அவரை எவ்விடத்திற்கு உரியவராகக் கொள்வது? காலைக் கண்ட வைத்தியர் மனத்தைக் கண்டிலர். மனத்தைக் கண்டவர் காலைத் தட்டிப் பார்த்திலர்.

மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் கிளைத்துக் கைகால்களின் தசைகளையும் தோலையும் சென்றடையும் நரம்புகளைச் சுற்றயல் நரம்புகள் என்பர். அவற்றுட் பல ஒருங்கே நோயுறும் நிலை பன்னரம்பழற்சி எனப்படும். இந்நோய் கடுமையாக உற்றோரிடம் மறதியும் மயக்கமும் மனப்பிறழ்வும் தோன்றுதல் தற்செயலன்று, இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களே என 1887 இல் இரசிய வைத்தியர் ஒருவர் எழுதினார். அவர் கூறியது உண்மை. ஆயினும் அவ்வுண்மையின் காரணம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படுவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. அந்த அறுபது ஆண்டுத் தாமதம் ஏன் நேர்ந்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினாவாகும்.

மொஸ்கோவிற் கண்ட ஒற்றுமை

சேர்கெய் கோர்சக்கோவ் 1854 இற் பிறந்தவர். மொஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கொஷெவ்னிக்கோவ் என்னும் பேராசிரியரின் கீழ் நரம்பியலிலும் பயிற்சி பெற்றவர். மனநோயாளரைக் கட்டிவைக்கும் கொடுவழக்கத்தை இரசிய மருத்துவமனைகளினின்று அகற்றப் பாடுபட்டோருள் அவர் முதன்மையானவர். நரம்பியலும் உளமருத்துவமும் ஒருவரிடத்தே கூடியிருந்தமை இவ்வரலாற்றில் நிகழ்ந்த முதல் நற்பேறு எனலாம். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு மதுவினால் நேரும் வாதத்தைப் பற்றியதாகும். அது 1887 இல் வெளிவந்தது. அதே ஆண்டிலும் 1889, 1890 ஆகிய ஆண்டுகளிலும் அவர் எழுதிய கட்டுரைகள் பன்னரம்பழற்சியோடு கூடிய மனநோயை விரித்துரைத்தன.

அவர் தீட்டிக் காட்டும் நோயாளியின் தோற்றம் இன்று படிப்போரையும் திகைக்கவைப்பது. நோயாளி கட்டிலிற் கிடக்கின்றார். கால்களில் வலி, தசைகள் மெலிந்துள்ளன, முழங்காலைத் தட்டினால் எழவேண்டிய துடிப்பு எழுவதில்லை. அவரோடு பேசத் தொடங்கினால் நல்லறிவுடையவராகவே தோன்றுவார். வினாவுக்கு ஏற்ற விடை தருவார், நகைச்சுவையாகப் பேசுவார், சதுரங்கமும் சீட்டும் பிழையின்றி ஆடுவார். நெடுநேரம் உரையாடிய பின்னரே குறை புலப்படும். உணவு உண்டாரா என்பது அவருக்குத் தெரியாது. சற்றுமுன் வந்து சென்றவரை மீண்டுங் காணும்போது அன்றே முதன்முறை காண்பதாக எண்ணுவார். கையிலுள்ள நூலின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் புதிதாகப் படிப்பதாகவே கருதுவார். நோய்க்கு முந்திய பழைய நிகழ்ச்சிகளோ நன்கு நினைவிலிருக்கும். வாரக்கணக்காகப் படுக்கையைவிட்டு எழாதவர், நேற்று வண்டியேறி ஊர்சுற்றி வந்ததாகக் கூறுவார். அவர் பொய் சொல்பவரல்லர். நினைவின் வெற்றிடத்தை அவரது மனம் தானாகவே இட்டு நிரப்புகின்றது.

கோர்சக்கோவின் நுண்ணோக்கு இதனோடு நின்றுவிடவில்லை. நோயாளி ஒருவருக்கு மின்பொறியாற் சிகிச்சை அளிக்கப்பட்டது. அது நடந்ததையே பின்னர் அவர் அறியார். ஆயினும் அப்பொறியை வைக்கும் பெட்டியைக் கண்டதும், தமக்கு மின்னேற்றத்தான் வைத்தியர் வந்திருக்கின்றார் போலும் என்றார். நினைவுகூர முடியாத அனுபவமும் மனத்திலே சுவடு பதித்துச் செல்லும் என்பதை கோர்சக்கோவ் இதிலிருந்து உய்த்துணர்ந்தார். வெளிப்படை நினைவு, உட்கிடை நினைவு என்று உளவியலாளர் ஒரு நூற்றாண்டின் பின் வகுத்துப் பேசிய வேறுபாட்டின் வித்து இங்கே உள்ளது.

அவரிடம் வந்தோருட் பெரும்பாலோர் குடிப்பழக்கமுடையோர். ஆயினும் எல்லோரும் அத்தகையோர் அல்லர் என்பதை அவர் அழுத்திக் கூறினார். நெருப்புக்காய்ச்சல், கசநோய், கருவுற்ற காலத்துச் சிக்கல்கள் முதலியவற்றின் பின்னும் இதே நோய் தோன்றியதை அவர் கண்டார். சிலரிடம் நரம்பழற்சி மிகுந்து மனக்குறை சிறிதாயிருக்கும். வேறு சிலரிடம் மனக்குறையே மேலோங்கி, கால்களிற் சிறிது வலியும் நடையிலே சிறிது தளர்வும் மாத்திரம் காணப்படும். ஆகவே மறதியோடு வரும் நோயாளியின் கால்களையும் தவறாது சோதிக்கவேண்டுமென அவர் சக வைத்தியர்களை வற்புறுத்தினார். எளிய அறிவுரைதான். ஆனால் கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒருவரே நின்று பார்க்கவேண்டும் என்பதே அதன் உட்பொருளாகும்.

காரணம் யாது? இரத்தத்திற் கலந்த ஏதோவொரு நச்சுப்பொருள் சுற்றயல் நரம்புகளையும் மூளையையும் ஒருங்கே தாக்குகின்றது என்றார் கோர்சக்கோவ். மதுவும் காய்ச்சலும் பிறவும் அந்நச்சினைத் தோற்றுவிக்கும் வெவ்வேறு வாயில்கள் என்பது அவர் கருத்து. 1897 இல் மொஸ்கோவில் நடைபெற்ற சர்வதேச மருத்துவ மாநாட்டிலே, பேர்லின் பேராசிரியர் யொல்லி இந்நோய்க்கூட்டிற்குக் கோர்சக்கோவின் பெயரையே சூட்டவேண்டுமென முன்மொழிந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1900 இல், தமது நாற்பத்தாறாம் வயதிற் கோர்சக்கோவ் காலமானார்.

வெர்னிக்கே கண்ட மூவர்

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1881 இல், கார்ல் வெர்னிக்கே என்னும் யேர்மானிய வைத்தியர் மூளைநோய்கள் பற்றிய தமது பாடநூலில் மூன்று நோயாளரை விவரித்திருந்தார். இருவர் பெருங்குடியர். மூன்றாமவர் இருபது வயதுத் தையற்காரப் பெண். அவள் தற்கொலைக்கு முயன்று சல்பூரிக்கமிலத்தைக் குடித்தாள். உயிர் தப்பினாளாயினும் இரைப்பையின் வாயில் சுருங்கியமையால் உண்டதனைத்தையும் வாந்தியெடுத்தாள். வாரங்கள் பல கழிந்தபின் அவளுடைய கண்கள் அசையும் ஆற்றலை இழந்தன; நடை தடுமாறியது; அறிவு மயங்கியது. மூவரிடமும் இம்மூன்று குறிகளும் காணப்பட்டன. மூவரும் சில நாட்களில் இறந்தனர். பிரேதபரிசோதனையில் மூளையின் நடுவறைகளைச் சூழ்ந்த நரைநிறப் பகுதியிலே குண்டூசி முனையளவான இரத்தக்கசிவுகள் தென்பட்டன. வெர்னிக்கே இதனை ஒருவகை மூளையழற்சியெனக் கொண்டார்.

வெர்னிக்கே கண்டது விரைந்து கொல்லும் நோய். கோர்சக்கோவ் கண்டதோ நெடுநாள் நீடிக்கும் நோய். இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை அவ்விருவருமே உணர்ந்திலர். எனினும் இருவருடைய பதிவுகளையும் இன்று அருகருகே வைத்து வாசிப்போருக்கு ஒரு குறிப்புப் பளிச்செனத் தெரியும். அமிலங் குடித்த பெண் குடிகாரியல்லள். அவளுக்கு நேர்ந்தது உண்ட உணவு உடலிற் சேராமையே. விடை 1881 ஆம் ஆண்டுப் பாடநூலிலேயே கிடந்தது. ஆனால் அதனை விடையென அறிவதற்குரிய வினா அப்போது எழுந்திருக்கவில்லை.

வினா எழாமைக்கு இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, அக்காலம் நுண்ணுயிரியலின் பொற்காலம். கொக் கசநோய்க் கிருமியைக் கண்டறிந்தது 1882 இலாகும். நோயென்பது கிருமியோ நஞ்சோ உள்ளே புகுவதால் வருவது என்னும் எண்ணம் மேலோங்கியிருந்தது. ஏதோவொன்று உடலில் இல்லாமையாலும் நோய் வரலாம் என்பதை மனங் கொள்வது எளிதாயிருக்கவில்லை. இரண்டாவது காரணம் மருத்துவஞ் சாராதது. நோயாளி குடிகாரன் என்றதும் விசாரணை முடிந்துவிட்டது. குடித்தான், நஞ்சுண்டான், நரம்பும் அறிவும் கெட்டன என்னும் விளக்கம் அறநூலுக்கும் பொருந்தியது, ஆய்வுகூடத்திற்கும் பொருந்தியது. பெருங்குடியர் உணவை வெறுத்துக் குடிவகையிலேயே வயிறு நிரப்புவர் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் குடித்தது கணக்கெடுக்கப்பட்ட அளவுக்கு உண்ணாதது கணக்கெடுக்கப்படவில்லை.

கீழைநாட்டு அரிசி

நிற்க. இதே ஆண்டுகளிற் கீழைநாடுகளில் வேறொரு பன்னரம்பழற்சி ஆயிரக்கணக்கானோரை மாய்த்துக்கொண்டிருந்தது. அதுவே பெரிபெரி. இச்சொல் இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு என அகராதிகள் பல கூறும். யாவாவிலே ஒல்லாந்த அரசின் படையினரிடையே பரவிய இந்நோயை ஆராய 1886 இல் ஒரு மருத்துவக் குழு அனுப்பப்பட்டது. குழு திரும்பிய பின்னும் கிறிஸ்ரியான் ஐக்மன் என்னும் இளம் வைத்தியர் பத்தேவியாவில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1889 இல் ஆய்வுகூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. சில மாதங்களில் நோய் தானாகவே நீங்கியது. விசாரித்தபோது, இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டுவந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதனைக் கொடுக்க மறுத்ததும் தெரியவந்தன. தீட்டிய அரிசி கோழிகளின் நரம்பைக் கெடுத்தது. தவிட்டோடு கூடிய அரிசி அவற்றைக் குணப்படுத்தியது.

மனிதரிடத்தும் இது மெய்யாகுமா என்பதைச் சிறைச்சாலை மேற்பார்வையாளரான வோர்டர்மன் ஆராய்ந்தார். யாவாவிலும் மதுராவிலுமுள்ள 101 சிறைகளிலிருந்து, ஏறத்தாழ 2,80,000 கைதிகள் பற்றிய விவரங்களை அவர் திரட்டினார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி கண்டது. தவிடு நீக்காத அரிசி உண்ட சிறைகளிற் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கே அது நேர்ந்தது. இத்துணைத் தெளிவான சான்று கிடைத்தும் ஐக்மன், அரிசியின் மாப்பொருளில் நஞ்சு பிறக்கின்றதென்றும் தவிடு அதற்கு மாற்று மருந்தென்றுமே முதலிற் கருதினார். நஞ்சென்னும் எண்ணம் மொஸ்கோவைப் போலவே பத்தேவியாவையும் ஆட்சி செய்தது. அவருக்குப் பின் ஆய்வை ஏற்ற கிறைன்ஸ், 1901 இல், நரம்புக்கு இன்றியமையாத ஒரு பொருள் உணவில் இல்லாமையே நோய்க்குக் காரணமென எடுத்துரைத்தார்.

இவ்விடத்தில் தமிழரோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் பொருந்தும். மலாயாவிலே சுரங்கங்களில் உழைத்த சீனர் தீட்டிய வெள்ளையரிசியை உண்டனர். அவர்களிடையே பெரிபெரி பெருகியிருந்தது. அங்கு குடியேறிய தமிழ்த் தொழிலாளரோ புழுங்கலரிசி உண்டனர். அவர்களிடம் அந்நோய் அருகியே காணப்பட்டது. பிரட்டன் என்னும் வைத்தியர் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி 1907 இல் நூலொன்றை வெளியிட்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிமணியினுள் இறங்குகின்றது. ஆகவே பின்னர் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. நம்மவர் வழிவழியாகச் செய்துவந்த ஒரு வேலை அவர்களின் நரம்புகளைக் காத்தது. அதன் காரணத்தை அவர்களும் அறியார். அவர்களை ஆண்டோரும் அறியார்.

பிரட்டனின் கருத்தைச் சோதித்தவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியிற் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர். 1905 இல் அவ்விடுதியில் இருந்தோரை அவர் ஒன்றுவிட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் மற்றைப் பிரிவினருக்கு வெள்ளையரிசியும் வழங்கினார். வெள்ளையரிசி உண்டோருள் முப்பதுக்கு மேற்பட்டோரை நோய் பற்றியது, பதினெண்மர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரிடம் புதிதாக நோய் தோன்றவில்லை. இரு பிரிவினரும் தங்கிய கட்டடங்களை இடையில் மாற்றிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. இச்சோதனையைப் போற்றும்போது ஒன்றை மறத்தல் கூடாது. அந்தப் பதினெண்மரும் தமக்கு என்ன செய்யப்படுகின்றது என்பதை அறியும் நிலையில் இருந்தோரல்லர். அவர்களது இசைவை எவரும் கேட்டதுமில்லை.

மேலும் ஒரு முரண்பாடும் இங்கு நோக்கத்தக்கது. மனநோயும் நரம்பழற்சியும் ஒரே கூரையின் கீழ்க் கூடியிருந்த இடம் அதுவாகும். எனினும் நோயாளரின் உள்ளத்தை உணவு தாக்குமா என்னும் வினா அங்கும் பெரிதாக எழவில்லை. பெரிபெரியென்பது காலையும் இதயத்தையும் பற்றிய நோய் என்னும் வரையறை அதற்குள் நிலைபெற்றுவிட்டது. கோர்சக்கோவின் நோய் ஐரோப்பியக் குடியரின் நோயாகவும், பெரிபெரி ஆசிய ஏழையரின் நோயாகவும் வெவ்வேறு ஏடுகளிற் பதியப்பட்டன.

புறாவின் மூளை

இவ்விரு ஏடுகளையும் இணைத்த பாலம் ஆய்வுகூடத்திற் கட்டப்பட்டது. 1926 இற் பத்தேவியாவில் யான்சன், டொனாத் என்போர் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். 1936 இல் அமெரிக்கராகிய றொபேட் வில்லியம்ஸ் அதன் அமைப்பைத் தெளிந்து செயற்கை முறையில் ஆக்கினார். விற்றமின் பி1 எனவும் தயமின் எனவும் வழங்குவது அதுவே. இவற்றிற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து உயிரிரசாயனப் பேராசிரியர் றுடொல்ப் பீற்றர்ஸ் புறாக்களை ஆராய்ந்துவந்தார். தீட்டிய அரிசி உண்ட புறா தலையைப் பின்னோக்கி வளைத்து வலிப்புற்று வீழும். தயமின் செலுத்தினாற் சில மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கும்.

இத்துணை விரைவாக மீள்வதாயின் நரம்புக்கலங்கள் இறந்திருத்தல் இயலாது என்று பீற்றர்ஸ் சிந்தித்தார். நோயுற்ற புறாவின் மூளையிழையத்தைக் குழாயிலிட்டுக் குளுக்கோசு சேர்த்தபோது அது வழக்கத்திலுங் குறைவாகவே ஒட்சிசனை ஏற்றது. இலற்றிக்கமிலமும் பைரூவிக்கமிலமும் தேங்கின. குழாயிற் சிறிதளவு தயமின் சேர்த்ததும் ஒட்சிசன் ஏற்பு உயர்ந்தது. உயிருள்ள பறவை முழுவதும் வேண்டியதில்லை. அதன் மூளைத்துண்டு ஒன்றே நோயையும் குணத்தையும் காட்டிற்று. நுணுக்குக்காட்டியிற் புலப்படும் மாற்றம் எதுவுமின்றியே மூளையின் இரசாயனம் பழுதுபடலாம் என்னும் கருத்தை நிலைநாட்டி, அதற்கு உயிரிரசாயனச் சிதைவு என்னும் பொருள்படப் பெயரிட்டார் அவர்.

இக்கண்டுபிடிப்பின் பயன் பெரிது. மூளை தன் தேவைக்குப் பெரும்பாலும் குளுக்கோசையே நம்பி வாழும் உறுப்பாகும். குளுக்கோசை எரித்துச் சத்தியாக்கும் நொதியங்கள் சில தயமின் இன்றித் தொழிற்படா. சுற்றயல் நரம்புகளுக்கும் இத்தேவை உண்டு. நீண்ட நரம்பின் நுனியே முதலில் வாடுமாதலால் நோய் பாதத்திலே தொடங்குகின்றது. ஆகவே பாதமும் நினைவும் ஒரே குறையால் வருந்துதல் வியப்பன்று. உடலிலுள்ள தயமின் சேமிப்போ ஏறத்தாழ முப்பது மில்லிகிராமே. உணவில் அது வராதொழியின் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

சாங்கிச் சிறைமுகாம்

புறாவிடம் கண்டதை மனிதரிடத்து ஐயமறக் காட்டுவதற்குக் குடிப்பழக்கத்தை விலக்கிய ஒரு சான்று தேவைப்பட்டது. அதனைப் போர் தந்தது. 1942 பெப்ரவரி 15 இற் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. பல்லாயிரக்கணக்கான பிரித்தானிய, அவுஸ்திரேலியப் படையினர் சாங்கியிற் சிறைவைக்கப்பட்டனர். அவர்களது உணவு ஒரே நாளில் மாறியது. தீட்டிய அரிசியே முக்கிய உணவாயிற்று. ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழிந்ததும் கைதிகள் சிலர் வாந்தியுற்றனர், உணவை வெறுத்தனர், கண்கள் துடித்தன, உறக்கம் நீங்கியது, கலக்கமும் மறதியும் மேலிட்டன. வயிற்றுளைவு கண்டோரிடம் இவை விரைந்து தோன்றின.

கைதிகளுள் ஒருவராகிய இளம் வைத்தியர் டி வார்டனரும் நோயியலாளர் லெனொக்சும் இவற்றைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தனர். கையிருப்பிலிருந்த சிறிதளவு தயமினை ஊசிமூலம் ஏற்றியபோது நோயாளர் சிலர் வியக்கத்தக்க விரைவில் தெளிந்தனர். மருந்து போதாமையாலும் பிற நோய்களாலும் சிலர் மாண்டனர். அவர்களின் மூளையை ஆராய்ந்தபோது வெர்னிக்கே 1881 இல் எழுதிவைத்த அதே இரத்தக்கசிவுகள் காணப்பட்டன. இத்தகைய நோயாளர் 52 பேரைப் பற்றிய குறிப்புக்கள் ஒரு தகரத்திலிட்டு மூடப்பெற்று, கைதிகளின் மயானத்தில் ஒரு புதைகுழியினுள் மறைத்துவைக்கப்பட்டன. போர் முடிந்தபின் அவை மீட்கப்பட்டு, 1947 சனவரியில் லான்செற் என்னும் மருத்துவ இதழிற் கட்டுரையாக வெளியாயின. மூளையைத் தாக்கும் பெரிபெரி எனவே அந்நோய்க்கு அவர்கள் பெயரிட்டனர்.

சிறைமுகாமில் மது இல்லை, குடியரும் இல்லை. அங்கிருந்தது தீட்டிய அரிசி மாத்திரமே. இத்துணைக் காலமும் பிரிந்துகிடந்த இரு ஏடுகளும் அவ்வரிசியின்மீது ஒன்றாயின. யாவாக் கைதியின் தளர்ந்த காலும், பேர்லின் தையற்பெண்ணின் அசையாத கண்ணும், மொஸ்கோக் குடியரின் அழிந்த நினைவும் ஒரே குறையின் பல்வேறு தோற்றங்கள் என்பது அப்போதுதான் முழுமையாக விளங்கியது. நூற்றாண்டுக் காலக் குடியேற்ற ஆட்சியிற் கீழைநாட்டுக் கூலியாட்களுக்கும் கைதிகளுக்கும் நேர்ந்த அதே கதி, ஆட்சியாளரின் படைவீரர்க்கே நேர்ந்த பின்னர்தான் இத்தெளிவு பிறந்தது என்பதும் எண்ணத்தக்கது.

கோர்சக்கோவின் பிழையும் சரியும்

அமெரிக்காவிலே விக்ரர், அடம்ஸ், கொலின்ஸ் ஆகியோர் 245 நோயாளரை நெடுங்காலம் அவதானித்து 1971 இல் வெளியிட்ட நூல் இவ்விடயத்திற் பெருநூலாகப் போற்றப்படுகின்றது. வெர்னிக்கேயின் நோய் தொடக்க நிலை. கோர்சக்கோவின் நோய் அதன் எச்சம் என்பதை அவர்கள் நிறுவினர். அவர்களது நோயாளருள் நூற்றுக்கு எண்பதின்மேற்பட்டோரிடம் சுற்றயல் நரம்புநோயும் காணப்பட்டது. காலையுஞ் சோதியுங்கள் என்னும் மொஸ்கோ வைத்தியரின் அறிவுரைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நச்சுப்பொருளே காரணம் என்ற அவரது கருத்தைப் பிழையென்று முற்றாகத் தள்ளிவிடலும் ஆகாது. மது நரம்பை நேராகவும் தாக்கவல்லது. குடலிலே தயமின் உறிஞ்சப்படுவதையும் அது தடுக்கின்றது. குடியரிடம் காணும் நரம்புநோய் அனைத்தையும் தயமின் குறைவொன்றாலேயே விளக்கிவிட முடியாது என்பதை இன்றைய ஆய்வாளர் ஒப்புக்கொள்வர். ஆனால் கோர்சக்கோவின் பெருமை அவர் கூறிய காரணத்திலன்று, அவர் கண்ட ஒற்றுமையிலேயே தங்கியுள்ளது. காரணம் பிழைத்தும் காட்சி பிழைக்கவில்லை. பின்வந்தோர் பலர் காரணத்தைச் சரியாக அறிந்தும் காட்சியைத் தவறவிட்டனர்.

தவறவிட்டதன் விலை சிறிதன்று. கண்ணும் நடையும் தடுமாறும் தொடக்க நிலையிலே தயமினைக் குருதியிற் செலுத்தின் கண்ணசைவு சில மணி நேரத்தில் மீளும், அறிவு தெளியும். காலந் தாழ்த்தினால், மூளையின் அடிப்புறத்தேயுள்ள இரு சிறு முலையுருக்களும் தலமசு எனும் பகுதியின் உட்கூறுகளும் நிலையாகச் சிதைந்துவிடும். பின்னர் எத்துணை மருந்து கொடுத்தும் நினைவு பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. வாடிய நோயாளிக்குத் தயமின் இன்றிக் குளுக்கோசு மாத்திரம் ஏற்றினால் எஞ்சியுள்ள சிறிதளவு தயமினும் செலவாகி நோய் முற்றவுங் கூடும். ஒருவர் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் ஒரே நாளாக வாழ்வதா, அன்றி மனிதராக வாழ்வதா என்பது மிக மலிவான ஓர் ஊசிமருந்து உரிய வேளையிற் கிடைப்பதைப் பொறுத்திருக்கின்றது.

இவ்வறிவு கிடைத்தபின்னும் தவறுகள் தொடர்ந்தன. மேற்கு அவுஸ்திரேலியாவிற் பிரேதபரிசோதனையிலே இந்நோய் உறுதிசெய்யப்பட்ட 131 பேரின் பழைய பதிவுகள் 1986 இல் ஆராயப்பட்டன. அவர்களுள் உயிரோடிருக்கையில் நோய் இனங்காணப்பட்டோர் ஐந்திலொரு பங்கினரே. பாடநூல் கூறும் மூன்று குறிகளும் ஒருங்கே பதிவாகியிருந்தோர் நூற்றுக்குப் பதினாறு பேர் மாத்திரம். 1991 முதல் அந்நாட்டில் பாண் செய்யும் மாவிலே தயமின் சேர்த்தல் சட்டமாயிற்று. இஸ்ரேலிலே 2003 இல், தயமின் விடுபட்ட சோயாப் பால்மாவை உண்ட கைக்குழந்தைகள் சிலர் மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்டனர், சிலர் மடிந்தனர். பிழைத்தோருட் சிலர் வலிப்பும் தசைத்தளர்வும் உடையோராய் வளர்ந்தனர். அவர்களைக் குடியர் என்று எவர் கூறமுடியும்? கருவுற்றுக் கடும்வாந்தியால் வருந்தும் பெண்ணும், இரைப்பையிற் சத்திரசிகிச்சை பெற்றவரும், நெடுநாட் பட்டினி கிடப்பவரும் இவ்வாபத்துக்கு உட்பட்டோரே. வெர்னிக்கே கண்ட தையற்பெண் ஒருத்தியல்லள். அவள் இன்னும் பல வைத்தியசாலைகளிற் கிடக்கின்றாள்.

முடிவாக ஒன்று கூறலாம். அறிவைத் துறைகளாகப் பிரித்தல் பல்கலைக்கழகங்களுக்கு இன்றியமையாதது. ஆயின் நோய் அப்பிரிவுகளை அறியாது. ஒருவரின் குடிப்பழக்கத்தையோ வறுமையையோ இனத்தையோ காரணமாகக் காட்டி விசாரணையை முடித்துக்கொள்ளும்போது, அவர் என்ன உண்டார் என்று கேட்கும் எளிய வினா மறைந்துவிடுகின்றது. ஒரு மருந்தின் அறுபதாண்டுத் தாமதத்திற்கு அறிவின்மை பாதிக் காரணமாயின், மறுபாதி இத்தகைய முன்முடிவேயாகும். நினைவிழந்து கிடந்தவரின் முழங்காலைத் தட்டிப் பார்த்த மொஸ்கோ வைத்தியர், நோயாளியைத் துண்டுகளாக அன்றி முழு மனிதராக நோக்கினார். அந்நோக்கே அவர் நமக்கு விட்டுச்சென்ற மருந்து.